கமலாவின் பதில் கடிதம்

ஆரணியில் தறி ஓடும் தெருவுக்குள் காலை நேரத்தில் நுழைந்தால் முதலில் வரவேற்பது சத்தம்தான். ‘டக்... டக்’ என்று ஒரே சீராக அது கேட்டுக்கொண்டே இருக்கும். குழித்தறிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர் மிதியை அழுத்துவார். நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடும். அச்சு வந்து இழையை அடித்துச் சேர்க்கும். நாலடி தள்ளி ராட்டை முன்னால் அந்த வீட்டுப் பெண்மணி உட்கார்ந்திருப்பார். அவர் தார் சுற்றிக் கொடுத்தால்தான் நாடா ஓடும். நாடா ஓடினால்தான் புடவை வளரும்.

இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. ஆனாலும் தறி நின்றால் ராட்டைக்குத் தெரியும், ராட்டை நின்றால் தறிக்குத் தெரியும். “என்ன, இழை அறுந்துபோச்சா?” என்று ஒரு குரல் வரும். “இல்ல, தண்ணி குடிக்கிறேன்” என்று பதில் வரும். அவ்வளவுதான் உரையாடல். சாயங்காலம் பார்த்தால் முழத்துக்கு மேல் பட்டு வளர்ந்திருக்கும்.

அந்தப் பட்டில் இரண்டு பேர் கையும் இருக்கிறது. ஆனால், “இதை நெய்தது யார்?” என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பெயர்தான் பதிலாக வரும். தறியில் உட்கார்ந்திருந்தவரின் பெயர்.

இன்று அந்தத் தெருவிலும் காட்சி மாறிக்கொண்டிருக்கிறது. தறிக்கூலி கட்டுப்படியாகாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் செய்யாறு சிப்காட்டுக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். கணவன் ஓர் ஊர், மனைவி ஓர் ஊர் என்றாகிவிட்ட குடும்பங்கள் உண்டு. நாலடி தூரத்தில் கேட்ட குரல் இப்போது செல்போனில் கேட்கிறது.

ஒரே துணியை நெய்ய வேண்டிய இரண்டு பேர் இரண்டு ஊரில் இருந்தால் என்ன ஆகும்? அதிலும் இருவருமே எழுதுகிறவர்களாக இருந்தால்? தமிழில் இதற்குப் பதிலாக ஒரு வாழ்க்கையே இருக்கிறது. புதுமைப்பித்தன் - கமலா தம்பதியின் வாழ்க்கை.

கல்யாணம் முதலில், காதல் பிறகு

சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தன் 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். பூர்வீகம் திருநெல்வேலி. எட்டு வயதில் தாயை இழந்தார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். 1932-ல் கமலாவுடன் திருமணம் நடந்தது. கமலாவின் பிறந்த வீடு திருவனந்தபுரத்தில். அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகர் அது.

பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம்தான். அந்தக் காலத்தில் காதல் என்பது கல்யாணத்துக்குப் பிறகு ஆரம்பிக்கிற விஷயம். இவர்களுக்கு அது தபாலில் வளர்ந்தது.

அச்சில் வந்த அவருடைய முதல் எழுத்தின் தலைப்பே ‘குலோப்ஜான் காதல்’. 1933-ல் ‘காந்தி’ இதழில் வந்த கட்டுரை. அடுத்த வருஷமே ‘மணிக்கொடி’யில் ‘ஆற்றங்கரைப் பிள்ளையார்’ கதை வந்தது. எழுதியே பிழைப்பது என்று முடிவு செய்து சென்னைக்குப் புறப்பட்டார். எழுதிப் பிழைப்பது இன்றைக்கும் சுலபமில்லை. 1930-களில் அது அநேகமாகப் பட்டினிக்கு மறுபெயர்.

சென்னையில் ‘மணிக்கொடி’, ‘ஊழியன்’, பிறகு ‘தினமணி’ என்று பத்திரிகை வேலைகள். ‘தினமணி’யில் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கத்தின் கீழ் வேலை பார்த்தார். 1943-ல் சொக்கலிங்கம் வெளியேறியபோது அவரும் வெளியேறினார். அதற்குப் பிறகு ‘தினசரி’, அதற்கும் பிறகு சினிமா.

இத்தனைக்கும் நடுவில் இடையிடையே சென்னையில் கமலாவுடன் குடித்தனம் நடந்தது. ஆனால் கையில் காசு குறையும்போது, உடம்பு சரியில்லாதபோது, பிள்ளைப்பேற்றின்போது கமலா திருவனந்தபுரம் போக வேண்டியிருந்தது. அவர் அங்கே, இவர் இங்கே. இன்று விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அன்றைக்கு எழும்பூரில் ரயில் ஏறி தென்காசி, செங்கோட்டை, கொல்லம் என்று மலையைத் தாண்டிப் போக வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் சேர்வதற்கே மாதங்கள் ஆகும். தபால் கார்டு முக்காலணா. அதுதான் கையில் இருந்த ஒரே ரயில்.

கோபக்கார எழுத்தாளரின் இன்னொரு முகம்

புதுமைப்பித்தன் என்றதும் படித்தவர்களுக்கு நினைவு வருவது அவருடைய குத்தல். சமூகத்தைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. சக எழுத்தாளர்களைக்கூட விட்டுவைக்காத விமரிசனம். ‘பொன்னகரம்’ கதையை ஒருமுறை படித்தவர் மறக்க மாட்டார். அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குக் கஞ்சி வார்க்க, அம்மாளு தன்னையே விலையாகக் கொடுத்து முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். கதை முடிகிற இடத்தில் ஆசிரியர் வாசகனின் கன்னத்தில் அறைவதுபோல ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போவார்.

அப்படிப்பட்ட மனிதர் மனைவிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுவார். கொஞ்சல், கெஞ்சல், செல்லப் பெயர்கள். அடுத்த வரியில் கடன், சம்பளம் வராத கதை. அதற்கடுத்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்கிற கவலை. எப்போது வீடு பார்த்து உன்னை அழைத்துக்கொள்ளப் போகிறேன் என்கிற திட்டம். அந்தத் திட்டம் அடுத்த கடிதத்தில் தள்ளிப்போகும்.

இந்தக் கடிதங்களைப் பெரிய இலக்கியம் என்று நினைத்து அவர் எழுதவில்லை. அச்சாகும் என்று தெரிந்திருந்தால் இத்தனை மனம் திறந்திருக்கவும் மாட்டார். மாதக் கடைசியில் மணியார்டர் அனுப்ப முடியாத ஒரு கணவனின் சங்கடம் அதில் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு வெளியூரில் அறை எடுத்துத் தங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்ப நாள் பார்த்துக்கொண்டிருக்கும் யாரும் அந்தச் சங்கடத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பிறந்த குழந்தையைப் பறிகொடுத்த துக்கமும் அந்தத் தம்பதிக்கு நேர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நேரம் அது. வெகு தொலைவில் பிரிந்து வாழ்கிறவர்களுக்கு இதுதான் பெரிய தண்டனை. சந்தோஷத்தைக் கடிதத்தில் பாதியாவது அனுப்பிவிடலாம். துக்கத்துக்குத் தபால் வழி கிடையாது.

ஜவுளிக் கடையிலிருந்து ஒரு கதை

பட்டு நெய்யும் ஊர்க்காரர்கள் அவசியம் படிக்க வேண்டிய ஒரு புதுமைப்பித்தன் கதை இருக்கிறது. 1943-ல் எழுதிய ‘செல்லம்மாள்’.

பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குத் துணி அளந்து போட்டுவிட்டு, ராத்திரி வீடு திரும்பி நோயாளி மனைவிக்குப் பணிவிடை செய்கிறார். கதை ஆரம்பிக்கும்போதே செல்லம்மாள் இறந்துவிடுகிறாள். பிறகுதான் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை பின்னோக்கி விரிகிறது. பெரிய வசனம் இல்லை. “உன்னைக் காதலிக்கிறேன்” என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. வெந்நீர் போடுவது, கஞ்சி காய்ச்சுவது, ஊருக்குப் போக வேண்டும் என்ற மனைவியின் ஆசைக்கு ‘சரி’ சொல்வது. இவ்வளவுதான் அந்தக் கதையின் காதல். தமிழில் தாம்பத்தியத்தைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த கதைகளில் ஒன்றாக அதைச் சொல்கிறவர்கள் பலர்.

மனைவியின் பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்கிற ஒரு கணவனை இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர், தன் மனைவியை விட்டு நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்தவர். கதைக்கும் வாழ்க்கைக்கும் முடிச்சுப் போடுவது வாசகர் விருப்பம். ஆனால் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற கடிதத் தொகுப்பைப் படித்துவிட்டு ‘செல்லம்மாள்’ படிக்கிறவர்களுக்குப் பிரமநாயகம் பிள்ளையின் வெந்நீர் கொஞ்சம் வேறு மாதிரிதான் சுடும்.

பாதிப் பேச்சு

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

இளையபாரதி தொகுத்து 1994-ல் வெளிவந்த புத்தகம் அது. தலைப்பிலேயே கமலா இருக்கிறார். ஒவ்வொரு கடிதத்தின் முதல் வரியிலும் கமலா இருக்கிறார். ஆனால் அதில் உள்ளவை எல்லாம் கணவர் எழுதிய கடிதங்கள். கமலா எழுதியவை அந்தப் புத்தகத்தில் இல்லை.

பக்கத்து வீட்டில் யாரோ போனில் பேசுவதைக் கேட்பது மாதிரி அது. “அப்படியா சொன்னே?”, “கோபப்படாதே”, “இல்லவே இல்லை” என்று ஒரு பக்கத்துக் குரல் மட்டும் காதில் விழும். எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். இவர் சமாதானம் சொல்கிறார் என்றால் அங்கே வருத்தம் இருந்திருக்கிறது. இவர் காரணம் சொல்கிறார் என்றால் அங்கே ஒரு கேள்வி எழுந்திருக்கிறது.

ஏன் ஒரு பக்கம் மட்டும் மிஞ்சுகிறது? இதில் பெரிய மர்மம் இல்லை. கடிதம் அதை எழுதியவரிடம் இருப்பதில்லை, பெற்றவரிடம்தான் இருக்கும். அவர் எழுதிய கடிதங்கள் கமலாவின் கையில் வந்து சேர்ந்தன. கமலா அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார். கமலா எழுதிய கடிதங்கள் போய்ச் சேர்ந்ததோ வேலை மாறி, வீடு மாறி அலைந்துகொண்டிருந்த ஒரு பத்திரிகைக்காரரிடம். ஆக, அவருடைய காதலுக்கு இன்று நம்மிடம் இருக்கும் சாட்சி கமலா காப்பாற்றிக் கொடுத்தது.

வியன்னாவில் ஒரு கமலா

இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததில்லை. உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா பிராக் நகரத்தில் இருந்தார். மிலேனா யெசன்ஸ்கா வியன்னாவில் இருந்தார். மிலேனாவும் எழுத்தாளர், பத்திரிகையாளர். காஃப்கா ஜெர்மன் மொழியில் எழுதிய கதையைச் செக் மொழியில் மொழிபெயர்த்தவர். அந்த வேலைக்காகத் தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1920-ல் காதலாக மாறியது.

காதலர்களாக இருவரும் சேர்ந்திருந்தது மிகக் குறைவு. வியன்னாவில் நாலு நாள், க்மூண்ட் என்ற எல்லைப்புற ஊரில் ஒரு நாள். மற்றதெல்லாம் தபால்தான். காஃப்காவுக்குக் காசநோய். 1924-ல், 41 வயது நிறைவதற்குள் இறந்துபோனார். மிலேனா அவருக்காகப் பத்திரிகையில் அஞ்சலி எழுதினார். 1939-ல், அவருடைய நாட்டுக்குள் ஹிட்லரின் படை நுழைந்த வருஷத்தில், காஃப்காவின் கடிதங்களை நம்பிக்கையான ஒரு நண்பரிடம் ஒப்படைத்தார். நாஜிகளால் கைது செய்யப்பட்டு, 1944-ல் ராவன்ஸ்ப்ரூக் சித்திரவதை முகாமில் உயிர்விட்டார். அவர் காப்பாற்றிக் கொடுத்த கடிதங்கள் 1952-ல் புத்தகமாயின. மிலேனா காஃப்காவுக்கு எழுதிய கடிதங்கள் அழிந்துபோய்விட்டன.

பிராக்கும் சென்னையும் வேறு, வியன்னாவும் திருவனந்தபுரமும் வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் ஆண் எழுதியது புத்தகமாக இருக்கிறது. பெண் எழுதியதை அதன் வரிகளுக்கு நடுவே தேட வேண்டியிருக்கிறது.

நம் சங்க இலக்கியத்தில் இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் உண்டு. வெள்ளிவீதியார் என்ற பெண் புலவர். பிரிவின் வலியைப் பாடியவர். கணவனைத் தேடிச் சென்றவர் என்ற குறிப்பை ஔவையாரின் அகநானூற்றுப் பாட்டு தருகிறது. இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகும் வெள்ளிவீதியாரின் குரல் நமக்குக் கேட்கிறது. அவர் யாரைத் தேடினாரோ அந்த மனிதரின் பெயர்கூட மிஞ்சவில்லை. எழுதிவைத்தது எதுவோ, எழுதியதைக் காப்பாற்றியவர் யாரோ, அவர்களால்தான் ஒரு காதல் அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்கிறது.

பொருள் தேடிப் போன கடைசிப் பயணம்

பொருள் தேடத் தலைவன் பிரிவதைப் பழந்தமிழர் ‘பொருள்வயிற் பிரிவு’ என்று சொன்னார்கள். பாலை நிலத்தைத் தாண்டிப் போய்ச் சம்பாதித்துத் தலைவன் திரும்புவான் என்ற நம்பிக்கையில் தலைவி காத்திருப்பாள். புதுமைப்பித்தனின் பிரிவும் அந்த வகைதான். ஒரே வித்தியாசம், பொருள் கடைசி வரைக்கும் வந்து சேரவில்லை.

பத்திரிகைச் சம்பளம் போதாமல் சினிமாவுக்குப் போனார். ஜெமினியின் ‘அவ்வையார்’ படத்துக்காக எழுத்து வேலை செய்தார். தாய் பர்வதத்தம்மாளின் நினைவாகப் பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்று சொந்தப் படக் கம்பெனி ஆரம்பித்தார். ‘வசந்தவல்லி’ என்று ஒரு படம் எடுக்க நினைத்தார். அது நடக்கவில்லை. கையிலிருந்ததும் போனது.

1946-ல் மகள் பிறந்தாள். இனிமேலாவது ஒரே வீட்டில் மூன்று பேரும் இருக்கலாம் என்று எந்தத் தகப்பனும் நினைப்பார். அந்த நேரத்தில்தான் ‘ராஜமுக்தி’ வாய்ப்பு வந்தது. சிறையிலிருந்து வெளியே வந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் எடுத்த படம். வேலை புனேயில். 1947-ன் கடைசியில் புதுமைப்பித்தன் அங்கே போனார். ஏற்கெனவே இருந்த தூரம் இன்னும் அதிகமானது.

அங்கே காசநோய் முற்றியது. காசநோய்க்கான முதல் நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆனால் 1948-ல் இந்தியாவில் அது சாதாரணக் குடும்பம் எளிதில் வாங்கக்கூடிய மருந்தாக இல்லை. உடைந்த உடம்போடு அவர் புனேயிலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடம் திருவனந்தபுரம். கமலா இருந்த ஊர்.

இத்தனை வருஷம் கடிதத்தில் தள்ளிப்போட்ட ‘சேர்ந்து இருப்பது’ அப்போதுதான் கிடைத்தது. சில வாரங்கள் மட்டுமே. 1948 ஜூன் 30 அன்று புதுமைப்பித்தன் காலமானார். வயது 42. கைக்குழந்தையோடு கமலா நின்றார்.

கதையில் பிரமநாயகம் பிள்ளை செல்லம்மாளுக்குச் செய்த பணிவிடையை வாழ்க்கையில் கமலா தன் கணவருக்குச் செய்ய வேண்டியதாயிற்று.

கமலாவும் எழுதினார்

பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தோடு முடிந்துவிடும். மேதை மறைந்தார், மனைவி கண்ணீர் வடித்தார் என்று. ஆனால் கமலாவின் கதை இங்கே முடியவில்லை. அவர் வெறும் ‘கடிதம் பெறுநர்’ இல்லை.

கமலா விருத்தாசலம் சிறுகதை எழுத்தாளர். புதுமைப்பித்தன் உயிரோடு இருந்த காலத்திலேயே பத்திரிகைகளில் கதை எழுதியவர். அந்தக் கதைகள் ‘காசுமாலை’ என்ற தொகுப்பாக 1971-ல் வெளிவந்தன. கணவர் இறந்து 23 வருஷம் கழித்து! அவருடைய நினைவுகள் ‘புதுமைப்பித்தனின் சம்சார பந்தம்’ என்ற பெயரில் புத்தகமாகக் கிடைக்கின்றன.

புதுமைப்பித்தனின் வாழ்க்கை வரலாற்றை ரகுநாதன் 1951-லேயே எழுதிவிட்டார். அவருடைய எழுத்துகள் பல பதிப்புகள் கண்டன. தமிழக அரசு நாட்டுடைமையும் ஆக்கியது. ‘புதுமைப்பித்தனைப் படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்டால் கை தூக்குகிறவர்கள் ஏராளம். ‘காசுமாலை படித்திருக்கிறீர்களா?’ என்றால் கை குறையும்.

இரண்டு எழுத்தாளர்கள் ஒரு வீட்டில் இருந்தால் ஒருவர் எழுத, இன்னொருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்வது என்பது எழுதாத சட்டம். பிள்ளை, வீடு, வைத்தியம், வறுமை என்று எல்லாவற்றையும் சமாளித்துவிட்டு மிச்சமிருக்கும் நேரத்தில்தான் கமலா மாதிரியானவர்கள் பேனாவை எடுக்க முடிந்தது. அப்படியும் ஒரு தொகுப்புக்குத் தேவையான கதைகளை எழுதியிருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம்.

கடிதங்களைப் புத்தகமாக்க ஒப்புக்கொண்டதும் சாதாரண விஷயமில்லை. தனக்கு மட்டும் எழுதப்பட்ட கொஞ்சல்களையும் கெஞ்சல்களையும், பணம் இல்லாத நாட்களின் அவமானங்களையும் ஊரே படிக்கும்படி கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அவர் கொடுத்தார். அதனால்தான் கோபக்கார எழுத்தாளரின் உள்ளே இருந்த கணவனைத் தமிழ் வாசகர்கள் பார்க்க முடிந்தது.

அவருடைய பதில் கடிதங்களை நாம் படிக்க முடியாது. ஆனால் அவருடைய கதைகளைப் படிக்கலாம். ‘கண்மணி கமலாவுக்கு’ வாங்குகிறவர்கள் ‘காசுமாலை’யையும் தேடிப் பிடித்துப் படித்தால் அந்தப் பாதிப் பேச்சு கொஞ்சமாவது முழுசாகும். கணவர் யாருக்கு எழுதினார் என்பது அப்போதுதான் தெரியும். கடிதத்தின் முதல் வரியில் செல்லப் பெயராக இருந்தவர், சொந்தப் பெயரோடு, சொந்தப் பார்வையோடு எதிரே வந்து உட்காருவார்.

பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டி

இப்போது மறுபடியும் ஆரணிக்கு வரலாம்.

ஒரு பாவு நெய்து முடியும் நிலைக்கு வந்துவிட்டால் தறியை அப்படியே காலியாக்கிவிட மாட்டார்கள். பழைய பாவின் கடைசி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். விரல் நுனியில் முறுக்கி முறுக்கிச் சேர்க்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, கண்ணைக் கெடுக்கும் வேலை. பல வீடுகளில் பெண்கள்தான் அதைச் செய்வார்கள். அந்தப் பிணைப்பு புடவையில் தெரியாது. அது இல்லாவிட்டால் அடுத்த புடவை இல்லை.

கமலா செய்தது அந்த வேலைதான்.

இன்றைக்கு வெளியூரில் இருக்கும் கணவனும் மனைவியும் ஒரு நாளைக்கு இருபது தடவை பேசிக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போகிறது, வீடியோவில் முகம் தெரிகிறது. முக்காலணாக் கார்டுக்காகக் காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய வரம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த நிமிஷமே தெரிந்துவிடுகிறது. இந்த வசதி இருந்திருந்தால் கமலா எத்தனையோ ராத்திரிகளில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

ஆனால் போன் தொலைந்தால் எல்லாம் தொலைந்தது. புது போன் வாங்கும்போது பழைய பேச்சு போய்விடுகிறது. இடமில்லை என்று போன் சொன்னால் முதலில் அழிப்பது பழைய குரல் பதிவுகளைத்தான். ஐம்பது வருஷம் கழித்துப் பேரன் பேத்தி படிக்க எதுவும் மிஞ்சுமா என்பது சந்தேகம்தான்.

எல்லாவற்றையும் சேர்த்துவைக்க வேண்டியதில்லை. ‘சாப்டியா?’, ‘உம்’ என்பதை யாரும் புத்தகமாகப் போடப்போவதில்லை. ஆனால் ஒரு பிறந்தநாளுக்கோ கல்யாண நாளுக்கோ ஒரு பக்கமாவது கையால் எழுதி அனுப்பலாம். வந்த கடிதத்தைப் பத்திரப்படுத்துவதோடு, அனுப்பும் கடிதத்தை ஒரு போட்டோ எடுத்தும் வைத்துக்கொள்ளலாம். கமலாவின் காலத்தில் அந்த வசதி இல்லை. இன்று ஒவ்வொரு கையிலும் இருக்கிறது.

பல வீடுகளில் இன்னமும் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதில் தாத்தா மிலிட்டரியிலிருந்தோ மலேயாவிலிருந்தோ பம்பாயிலிருந்தோ எழுதிய பழைய கடிதங்கள், நூல் கட்டிய கட்டாக இருக்கும். தாத்தாவின் கையெழுத்தைப் பார்த்து வீடே வியக்கும். அப்போது யாராவது ஒருவர், “சரி, இதற்குப் பாட்டி என்ன பதில் எழுதினார்?” என்று கேட்க வேண்டும்.

பாட்டி இன்னும் இருக்கிறார் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து அவரிடமே கேட்டுவிடலாம்.